கை தூக்கிய கோச்

பதினெட்டு வருஷம் விசில் மட்டுமே ஊதியவளைக் கூப்பிட்டு ஒரு அணியை ஒப்படைத்தார்கள் என்றால், அந்த அணி எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பெயர் வாங்கிய கோச் யாரும் அந்தக் கல்லூரிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. எனக்கோ முழங்கால் இரண்டும் போய்விட்டிருந்தது. கூடைப்பந்து நடுவர் என்றால் மைதானத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பந்தோடு ஓட வேண்டும். ஓட முடியாத நடுவரை யாரும் கூப்பிடுவதில்லை. ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் டம்ளரை வைக்கிற இடத்தில் இருந்து செருப்பைக் கழற்றுகிற விதம் வரை எல்லாவற்றிலும் தப்புக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் இருந்து போன் வந்தபோது என்னைவிட அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார்.

"உடனே போய்ச் சேர்ந்துடு. புண்ணியமாப் போகும்" என்றார். யாருக்குப் புண்ணியம் என்று நான் கேட்கவில்லை.

பிரின்ஸிபால் அம்மாள் கணக்கு வாத்தியார். சுற்றி வளைத்துப் பேசவில்லை.

"பொண்ணுங்க டீம் மூணு வருஷமா ஒரு மேட்ச்கூட ஜெயிக்கலை. பதினெட்டு மேட்ச், பதினெட்டும் தோல்வி. இந்த சீசன்ல ஆறு மேட்ச் இருக்கு. ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சாலும் டீம் இருக்கும். இல்லைன்னா கலைச்சிடறதா முடிவாயிடுச்சு. அவங்க ஆடற இடத்துல பஸ் நிறுத்தணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"சரிங்க மேடம்."

"கோச்சா எத்தனை வருஷ அனுபவம்?"

"இன்னைக்குத்தான் ஆரம்பம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உண்மையைச் சொல்லிடறீங்க. நல்ல பழக்கம்தான்" என்று சொல்லி உத்தரவுத் தாளை நீட்டினார். அந்த நல்ல பழக்கம் எங்களை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

மைதானம் விடுதிச் சமையலறைக்குப் பின்னால் இருந்தது. சிமெண்டுத் தரை, குறுக்கே ஒரு விரிசல், ஒரு பக்கத்து வளையம் முன்னால் சாய்ந்து தொங்கியது. எட்டுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கூடைப்பந்துக்கு ஒரு நேரத்தில் ஐந்து பேர் ஆட வேண்டும். ஐந்து ஃபவுல் செய்தவள் வெளியே போய்விட வேண்டும். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஒரு சீசன் ஓட்டுவது கத்தி மேல் நடக்கிற வேலை.

கேப்டனை எனக்கு முன்பே தெரியும். மூன்றாம் வருஷத்துப் பெண். நடுவர் எதற்கு விசில் ஊதினாலும் எதிரே வந்து நின்று வாதாடுவாள் என்பதால் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர். போன வருஷம் அவர்கள் ஆடிய ஒரு ஆட்டத்துக்கு நான்தான் நடுவர்.

"நீங்கதானே வாதாடினதுக்கு எனக்கு டெக்னிக்கல் ஃபவுல் குடுத்தது?" என்பதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஆமாம். சரியாத்தான் குடுத்தேன்."

"அதை அப்புறம் பேசிக்கலாம்" என்றாள்.

அவளுக்குப் பக்கத்தில் ஆறடிக்கு ஒருத்தி நின்றாள், ஏணி என்று கூப்பிட்டார்கள். அவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு யாராவது இடித்துவிடுவார்களோ என்று ஒதுங்கி ஒதுங்கி ஆடுவாள். கடைசியில் நின்ற குள்ளப் பெண் கடுகு. வாய் மட்டும் ஏணி உயரத்துக்கு இருக்கும்.

இவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்பதற்கு எனக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. என் விசிலாலேயே தோற்றவர்கள். கூடையில் போடத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் கால் போக வேண்டிய இடத்துக்கு நேரத்தில் போகாது. கால் தாமதமானால் கை முந்திக்கொள்ளும். தட்டுவார்கள், இழுப்பார்கள், பிடிப்பார்கள், நடுவர் ஊதுவார். ஆட்டத்தின் கடைசிப் பகுதியான நாலாவது கால்பகுதி வரும்போது நன்றாக ஆடுகிறவர்கள் எல்லாம் ஐந்து ஃபவுலோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஆட்டத்தை இவர்கள் மூன்றே பேரோடு முடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"நாளையில இருந்து ஆளுக்கு ஒரு துண்டு கொண்டு வாங்க" என்றேன்.

"குளிக்கறதுக்கா மேடம்?" என்றாள் கடுகு.

துண்டைக் கழுத்துக்குப் பின்னால் போட்டு, இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். துண்டை விடக் கூடாது. பந்தோடு வருகிறவளைக் காலை மட்டுமே வைத்து மறிக்க வேண்டும். அவள் எந்தப் பக்கம் போகிறாளோ அதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும். இவ்வளவுதான் என் வித்தை. எனக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான். ஒரு தடுப்பு ஆட்டம் எப்போது நியாயம், எப்போது ஃபவுல் என்று பதினெட்டு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவளுக்கு வேறு என்ன தெரிந்திருக்கும்?

காலை ஐந்தரைக்குப் பயிற்சி. முதல் வாரம் நான் பண்ணிய அட்டகாசத்தை மறைக்கப்போவதில்லை. எதற்கெடுத்தாலும் ஊதினேன். ஒரு அடி வைத்தால் ஒரு விசில். பயிற்சி நகரவே இல்லை. விடுதிச் சமையல்காரர் ஜன்னலைத் திறந்து, "பால் பொங்கறது கூட காதுல விழலைம்மா" என்றார். வக்கீல் ஒரு நாள் பந்தைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், நீங்க எங்களுக்குக் கோச்சா, இல்லை எங்களைப் பிடிச்சுக் குடுக்க வந்தவங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய் விசிலை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். மறுநாள் வாயால் கத்தினேன். தொண்டை கட்டிக்கொண்டது, பயிற்சி நகர்ந்தது. திட்டியாவது எனக்குச் சொல்லித்தந்தாளே என்று இன்றைக்கும் அவளுக்கு நன்றியோடு இருக்கிறேன். பெரியவர்கள் யாரும் என்னிடம் அவ்வளவு நேராகப் பேசியதில்லை.

முதல் ஆட்டம் முப்பத்தொரு புள்ளியில் தோற்றோம். இரண்டாவது முப்பத்துநாலில். கையை நீட்ட பயந்து, எதிரணி கூடை போடுவதை ஐந்து பேரும் கச்சேரி கேட்பவர்கள் மாதிரி நின்று பார்த்தார்கள். ஆனால் ஆட்டத் தாளைப் பார்த்த எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. திரும்பி வரும் வண்டியில் எழுந்து நின்று அறிவித்தேன்.

"மொத்தமே ஒன்பது ஃபவுல்! ஒருத்திகூட வெளிய போகலை!"

பின் சீட்டில் இருந்து வக்கீல் சொன்னாள்: "முப்பத்துநாலு பாயிண்ட்ல தோத்துட்டு ஃபவுல் கம்மின்னு கொண்டாடற ஒரே கோச் நீங்கதான் மேடம்."

கடுகு முதலில் சிரித்தாள். அப்புறம் ஏணி. அப்புறம் வண்டியே சிரித்தது, டிரைவர் உட்பட. நானும் சிரித்தேன். ஒரு அணியோடு சேர்ந்து சிரித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நடுவரோடு யார் சிரிப்பார்கள்?

மூன்றாவது ஆட்டத்தில் தோல்வி பன்னிரண்டு புள்ளிக்கு இறங்கியது. நாலாவதில் பதினைந்து. இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தாலும், நாலாவது கால்பகுதியில் ஐந்து பேரும் மைதானத்தில் நின்றார்கள். ஏணி இடி வாங்கியும் நகராமல் நிற்க ஆரம்பித்தாள். மழை பெய்த நாளில்கூட எட்டுத் துண்டும் வந்தன, பிழிந்துவிட்டு மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். இப்படிச் செய்யுங்கள் என்று சொன்னேன், செய்தார்கள். இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்?

ஐந்தாவது ஆட்டம் எங்கள் மைதானத்தில் நடந்தது. அதைப் பற்றி எழுத இப்போதும் கை கூசுகிறது.

இருபத்திரண்டு வினாடி மிச்சம். நாங்கள் நாற்பத்தெட்டு, அவர்கள் நாற்பத்தேழு. ஒரு புள்ளி முன்னால் இருக்கிறோம். மூன்றரை வருஷத்தில் முதல் தடவை. எதிரணிப் பெண் பக்கக் கோட்டோரமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். வக்கீல் குறுக்கே போனாள். பந்து இருவருக்கும் நடுவில் துள்ளி, கோட்டுக்கு வெளியே ஓடியது. கடைசியாக யார் மேல் பட்டதோ அவர்களுக்குப் பந்து கிடையாது, சட்டம் அவ்வளவுதான். நடுவர் ஊதி எங்கள் பக்கம் கை காட்டினார். பந்து எங்களுக்கு. அந்த இருபத்திரண்டு வினாடியும் அதைக் கையிலேயே வைத்திருந்தால் போதும், ஆட்டம் முடிந்தது, அணி பிழைத்தது.

என் வலது கை மேலே போனது. விரல் எதிரணிப் பக்கம் காட்டியது.

நான் யோசித்துச் செய்யவில்லை. பந்து வக்கீலின் விரல் நுனியில் பட்டதைப் பார்த்தேன், கை எழுந்துவிட்டது. தும்மல் வருகிற மாதிரி வந்தது. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த நடுவர் இரண்டு வருஷம் என்னோடு ஜோடியாக விசில் ஊதிய இளைஞர். சந்தேகம் வந்தால் எதிர்ப்பக்கம் நிற்கும் என் கையைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றிக்கொள்வது அவருக்குப் பழக்கம். அன்றைக்கும் பார்த்தார். மறுபடி ஊதினார். கையைத் திருப்பி எதிரணிக்குக் காட்டினார்.

அவர்கள் பந்தை உள்ளே போட்டார்கள். நாலு வினாடி இருக்கும்போது ஒருத்தி கூடையில் போட்டாள். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது.

ஏணி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். கடுகு என்னிடம் வந்து, "ஏன் மேடம்?" என்று மட்டும் கேட்டாள். வக்கீல் எதுவும் சொல்லவில்லை. தீர்ப்பு மாறியபோதும் சொல்லவில்லை. எதற்கும் வாதாடுகிற பெண், அன்றைக்கு நடுவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் பந்து உள்ளே வரப்போகிற இடத்துக்குப் போய் நின்றதை நான் கவனித்தேன். ஆனால் அதை யோசிக்கிற நிலைமையில் நான் இல்லை.

அந்த இளைஞர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். "மன்னிச்சிடுங்க மேடம். நீங்க இப்ப கோச்னு மறந்தே போச்சு."

"எனக்கும்தான் மறந்து போச்சு" என்றேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, நீ கை தூக்கினது சரியா தப்பா?" என்றார்.

"பந்து அவ விரல்லதான் பட்டுச்சு."

"நான் அதைக் கேக்கலை."

உண்மைக்காகக் கை தூக்கினேன் என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் அது உண்மைக்காகத் தூக்கிய கை இல்லை. பழக்கத்தில் தூக்கிய கை. அந்த ஒரு வினாடி எனக்கு அணி என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. அதுதான் என்னை அறுத்தது. எட்டுப் பெண்கள் மழையில் துண்டு பிழிந்து நின்றது எனக்காக. நான் என்னடாவென்றால் அவர்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டே யாருக்கும் சொந்தமில்லாதவளாக இருந்திருக்கிறேன்.

மறுநாள் ஐந்தரைக்குப் போனேன். யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஆறரை வரை நின்றுவிட்டு, பந்துகளைத் திரும்ப அறையில் வைத்துப் பூட்டினேன். சமையல்காரர் ஜன்னல் வழியாக டீ நீட்டினார். மூன்றாம் நாள் வேலையை விடுவதாகப் பிரின்ஸிபாலுக்கு ஒரு கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். கடைசி ஆட்டத்துக்கு வேறு யாரையாவது போட்டால் பெண்களாவது வருவார்களே என்பதுதான் எண்ணம்.

எட்டுப் பேரும் வளையத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வக்கீல் எழுந்தாள்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லணும். எல்லாரையும் நான்தான் வரச்சொன்னேன். இவங்களுக்கும் இன்னும் தெரியாது."

"சொல்லு."

"பந்து என் விரல்லதான் பட்டுச்சு. நகம் மடங்கி ரத்தம்கூடக் கட்டியிருக்கு. ரெஃப்ரி நம்ம பக்கம் காட்டினப்போ வாயை மூடிக்கிட்டேன். அப்புறம் ரெண்டு நாளா எல்லாரும் உங்களைத் திட்டினப்பவும் மூடிக்கிட்டேன்."

கடுகுதான் முதலில் வாய் திறந்தாள்.

"மூடிக்கிட்டியா? நீயும் சேர்ந்துதானேடி திட்டின! எல்லாரையும்விட அதிகமாத் திட்டினது நீதான்!"

"ஆமா" என்றாள் வக்கீல். வாதாடவில்லை. கண்ணில் இருந்து தாரைதாரையாக வழிந்தது.

"நீ சொல்லியிருக்க வேண்டியதில்லைம்மா" என்றேன். "ஊதறது அவர் வேலை, ஆடறது உன் வேலை. நீ தப்புப் பண்ணலை. நான்தான் பண்ணேன். பட்டதைப் பார்த்தது தப்பு இல்லை. பார்த்த நேரத்துல நான் உங்க ஆள்னு எனக்கு ஞாபகம் இல்லை பாரு, அதுதான் தப்பு. அதுக்கு நீங்க வராம இருந்தது நியாயம்தான்."

இதைச் சொல்லிவிட்டுக் கடிதத்தை எடுக்கலாம் என்று பையில் கை விட்டேன். ஆனால் வாயில் வந்தது வேறு பேச்சு.

"இன்னும் ஒரே ஒரு மேட்ச் இருக்கு. அதை மட்டும் எனக்குக் குடுங்க" என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். பதினெட்டு வருஷம் கை காட்டி உத்தரவு போட்டவள், முதல் தடவையாக ஆட்டக்காரர்களிடம் ஒன்று கேட்டேன்.

ஏணி மெதுவாகக் கேட்டாள்: "மறுபடியும் கை தூக்கிட்டீங்கன்னா?"

கடுகு தன் கழுத்தில் இருந்த துண்டை உருவி என் கழுத்துக்குப் பின்னால் போட்டு, இரண்டு முனையையும் என் இரண்டு கையில் திணித்தாள்.

"மேட்ச் முடியற வரைக்கும் விடக் கூடாது. விட்டா ஃபவுல்."

எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கிடைத்த எந்தக் கேடயமும் அந்தத் துண்டுக்கு ஈடாகாது. கடிதம் பையிலேயே கிடந்தது. பிறகொரு நாள் என் வீட்டுக்காரர் அதன் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதிக்கொண்டு போனார்.

கடைசி ஆட்டம் வேறொரு கல்லூரியின் உள்ளரங்கில். எதிரணி எங்களைவிடக் கொஞ்சம் தேவலையானது, அவ்வளவே. பெரிய சூரர்களைச் சாய்த்தோம் என்றெல்லாம் நான் அளக்க மாட்டேன். பிரின்ஸிபால் அம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மேல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் கழுத்தில் கிடந்த துண்டின் இரண்டு முனையையும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது கால்பகுதி முடிவதற்குள் வக்கீல் மூன்று ஃபவுல் வாங்கிவிட்டாள். பதற்றத்தில் பழைய கை திரும்பி வந்திருந்தது. உட்காரவைத்தேன்.

"மூணாவது ஃபவுலே இல்லை மேடம். நான் அவளைத் தொடவே இல்லை."

"தொட்ட. இடது முழங்கையில."

வாயைத் திறந்தாள், மூடினாள். "லேசாத்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அவள் இல்லாத நேரம் முழுக்கக் கடுகு பந்தை நடத்தினாள். ஏணி வளையத்துக்கு அடியில் இரண்டு காலையும் ஊன்றி, கைகளை நேரே மேலே தூக்கி, வந்து மோதியவர்களையெல்லாம் நின்ற இடத்திலேயே வாங்கிக்கொண்டாள். நடுவர் இரண்டு தடவை எதிரணி மேல் ஊதினார். சரியாக ஊதினார். துண்டின் முனைகளை நான் முறுக்கிய முறுக்கில் உள்ளங்கை சிவந்துவிட்டது. கடைசிக் கால்பகுதியில் வக்கீலை உள்ளே அனுப்பினேன். "கால்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். பத்து நிமிஷம் அவள் காலாலேயே ஆடினாள்.

கடைசி வினாடி நாடகம் எதுவும் நடக்கவில்லை. ஐம்பத்துமூன்று, நாற்பத்துநாலு. ஒன்பது புள்ளி. பலகையில் எங்காவது தப்பாகக் காட்டுகிறார்களோ என்று நான் மூன்று தடவை பார்த்தேன். மணி அடித்தது. எட்டுப் பேரும் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். மேல் வரிசையில் பிரின்ஸிபால் அம்மாள் எழுந்து நின்று ஒற்றை விரலை எனக்குக் காட்டினார். ஒன்று. போதும் என்று அர்த்தம்.

நான் பையை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனேன்.

நடைவழியில், கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. ஆட்டம் முடிந்தால் நடுவர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டம் கலைவதற்குள் பக்கக் கதவால் போய்விடுவார். ஜெயித்தவர்கள் நடுவரைத் தேட மாட்டார்கள். தோற்றவர்கள் தேடினால் நல்லதுக்குத் தேட மாட்டார்கள். எத்தனையோ நூறு ஆட்டம், எத்தனையோ கொண்டாட்டம், எல்லாவற்றையும் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து சத்தமாக மட்டுமே கேட்டிருக்கிறேன். உள்ளே கேட்ட சத்தம் இப்போது என் பெண்களுடையது. திரும்பிப் போக வேண்டும் என்று தெரிந்தது. எப்படிப் போவது, போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. மடித்து அடுக்கிய ஜமக்காளங்களுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றேன்.

கதவு படாரென்று திறந்தது. வக்கீல் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக ஓடிவந்தாள்.

"எங்க போறீங்க?"

"மேட்ச் முடிஞ்சிடுச்சே."

"அதனால?"

நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன். "முடிஞ்சதுக்கு அப்புறம் எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியாதும்மா. நான் நின்னதே இல்லை."

என்னோடு எத்தனையோ வழக்காடியவள், இந்த முறை சத்தமே இல்லாமல் சொன்னாள்.

"எங்ககூட மேடம். வேற எங்க நிப்பீங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும்தான். இரண்டு பேரும் தொட்டியில் முகத்தைக் கழுவிக்கொண்டோம். அப்புறம் உள்ளே போய் அவர்களோடு நின்றேன்.